கதையில் எழுத வராத ஜோடியை நேரில் பார்த்திருக்கிறீர்களா?

மலையடிவாரம்:

தொடர்கதை எழுதுகிறேன். வாரத்துக்கு 2 யூடி, அதாவது புது அத்தியாயம். இப்போது போய்க்கொண்டிருப்பது ஏற்காட்டில் நடக்கிற லேசான காதல் கதை. அழுகை, பழிவாங்கல், ஒப்பந்தக் கல்யாணம் எதுவும் கிடையாது. பதினோராவது அத்தியாயத்தில் இருவரும் சேலத்திலிருந்து பஸ்ஸில் மேலே போகிறார்கள். வளைவில் பஸ் திரும்பும்போது அவள் சரிய, அவன் பிடித்துக்கொள்கிறான். படித்தவர்கள் இதயம் இதயமாகப் போட்டார்கள். எனக்கும் திருப்திதான்.

போன மாதம் அதே பாதையில் நானே பஸ்ஸில் போனேன். முன் சீட்டில் ஐம்பதைத் தாண்டிய ஒரு கணவன் மனைவி. 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை, இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அவர் வளைவு வர வர எண்ணிக்கொண்டே வந்தார். நாலு வரைக்கும் சரி. ஐந்தாவதில் "ஆறு" என்றார். அந்தம்மா ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமலே "அஞ்சு" என்றார். ஒன்பதாவதில் "எட்டு". "ஒம்பது." பன்னிரண்டிலும் இதே கதை. பலகை இரண்டு பேர் கண்ணுக்கும் நேராகத்தான் நிற்கிறது. பதினாலாவது வளைவில் அவர் "பதினாலு" என்று சரியாகச் சொன்னார். அந்தம்மா சட்டென்று திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஏங்க, தலை சுத்துதா?"

உண்மையிலேயே அவருக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்தது. பையிலிருந்து எலுமிச்சம்பழம் வந்தது. மேலே போய்ச் சேரும்வரை அவர் எண்ணவில்லை, அந்தம்மாதான் மெதுவாக எண்ணிக்கொண்டு வந்தார்.

அந்த ஒரு கேள்வி இன்னும் என்னை விடவில்லை. என் நாயகி நாயகனைப் பார்த்து அப்படி ஒன்று கேட்கிற மாதிரி நான் இதுவரை எதுவுமே எழுதவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது தட்டுப்பட்டிருந்தால் சொல்லுங்கள்.

பட்டறைக்காரன்:

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வேலை எனக்கு. வீட்டில் மனைவி போனில் கதை படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். எல்லாக் கதையிலும் நாயகிக்குக் கொலுசுச் சத்தம் உண்டு, நாயகன் அதை வைத்தே அவள் வருவதைக் கண்டுபிடிப்பான். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

தை மாதம் ஒரு பையனும் பெண்ணும் கடைக்கு வந்தார்கள். கல்யாணத்துக்கு எடுத்த கொலுசு, நெருக்கமாக முத்து வைத்தது. எல்லா முத்தையும் எடுத்துவிடச் சொன்னாள். அது அடிக்கடி வருகிற வேலைதான், வேலைக்குப் போகிற பெண்கள் பலர் சத்தம் வேண்டாம் என்பார்கள். நான் குறடை எடுத்ததும் அந்தப் பையன், "அண்ணா, இடது கால்ல மட்டும் ஒண்ணே ஒண்ணு விட்டுடுங்க" என்றான்.

அவள் அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டாள். அப்புறம் அங்கிருந்தே, திரும்பாமல், "பூட்டுக்குப் பக்கத்துல இருக்கறத விடுங்கண்ணா" என்றாள்.

ஏன் இடது கால், ஏன் ஒன்று? நாக்கு நுனி வரை வந்தது, கேட்கவில்லை. வேலை முடித்து மெருகு ஏற்றிக் கொடுத்தேன். இன்றைக்கும் முத்து வைக்க உட்கார்ந்தால் அந்த ஞாபகம்தான் வருகிறது.

தோட்டத்துக்காரி:

பட்டறைக்காரரே, அதில் புதிர் எதுவும் இல்லை. வீட்டில் பெரியவர்கள் இருப்பார்கள், அவள் அறைக்கு வருவது அவனுக்கு மட்டும் தெரியவேண்டும் என்பதற்காக இருக்கும்.

என் அனுபவம் சின்னது. ஏற்காட்டில் எங்களுக்குக் கொஞ்சம் காபித் தோட்டம். சாயங்காலம் பறித்த பழத்தை எடை போடும்போது வரிசையில் ஒரு ஜோடி. கிலோ கணக்கில் கூலி. அவர் தன் மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளி அவள் மூட்டையில் போட்டார். அவள் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இரண்டு கை அள்ளித் திருப்பிப் போட்டாள். இரண்டு கூலியும் ஒரே வீட்டுக்குத்தான் போகிறது. தராசு அவர்கள் முறைக்கு வரும்வரை இது நடந்தது.

மலையடிவாரம், உங்களுக்குச் சில விஷயம் சொல்லவேண்டும், ஏனென்றால் ஏற்காட்டுக் கதை எல்லாவற்றையும் விடாமல் படிக்கிறவள் நான். காபிப் பூவும் சிவப்புப் பழமும் ஒரே காட்சியில் வேண்டாம். மார்ச், ஏப்ரலில் பூமழை (செடியைப் பூக்க வைக்கிற மழை) விழுந்து, ஒன்பது பத்து நாள் கழித்துச் செடி மொத்தமும் வெள்ளையாகப் பூக்கும். மல்லிகை மாதிரி வாசனை, மூன்று நாலு நாளில் முடிந்துவிடும். பழம் பறிப்பு நவம்பரில் தொடங்கித் தை வரை இழுக்கும். அந்த நாட்களில் தோட்டத்தில் யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. உங்கள் நாயகன் எஸ்டேட் முதலாளி என்றால் டிசம்பரில் நாயகியைக் கூட்டிக்கொண்டு பகோடா பாயிண்ட்டில் நின்று சூரியோதயம் பார்க்க மாட்டான், ஆள் வந்ததா என்று பார்க்கப் போயிருப்பான். அதையே கதையாக்குங்கள். பூ நாலு நாள்தான் நிற்கும், அவன் அந்த நாலு நாளில் எப்படியாவது ஒரு மணி நேரம் ஒதுக்கி அவளைக் கூப்பிட்டால், அந்த அழைப்புக்கு ஒரு கனம் வரும். எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்கிற இடத்துக்கு அவன் கூட்டிப்போவதில் என்ன இருக்கிறது?

இன்னொன்று. நாயகனின் கொள்ளுத்தாத்தா ஏற்காட்டில் முதன்முதலாகக் காபி நட்டவர் என்று ஒரு கதையில் படித்தேன். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தது அது. பரம்பரைப் பெருமை வைக்காமலும் நாயகனை நமக்குப் பிடிக்கும். அப்புறம் அந்தப் புரிதல் பிழை. அவளை வேறு ஒருவனோடு பார்த்துவிட்டு மூன்று அத்தியாயம் பேசாமல் இருப்பது. ஒரு போன் போட்டால் தீர்ந்துபோகிற விஷயத்தை நீட்டினால், இவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் நம்புகிறவர்கள் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றும். லேசான கதைக்குத் தடையே வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் சேலத்தில் வேலை, அவன் மலையில் தோட்டம், கடைசி பஸ் போய்விட்டது, இதுவே போதும்.

பாவும் ஊடையும்:

அம்மாப்பேட்டையில் தறிக் குடும்பம் எங்களுடையது. அம்மா மாத நாவல் வாங்குவார். தறிக்கு நூல் தார் சுற்றி முடித்து, ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு படிப்பார். அவர் முடித்ததும் எனக்கு. 13, 14 வயதில் எனக்கு அத்தனை ஜோடியிலும் ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. சமையலறையில் பேசிக்கொண்டிருப்பார்கள். அடுத்த பக்கத்தில் அவன் அவளிடம் பேசத் தயங்கித் தயங்கி நிற்பான், இரண்டு நாள் அவள் கண்ணைப் பார்க்க மாட்டான். எவ்வளவு கூச்சம் இவனுக்கு என்று உருகிப்போவேன். என் கணவரிடம்கூட அந்தக் கூச்சத்தை எதிர்பார்த்தேன் என்று சொல்லலாம்.

போன பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்தபோது அந்தப் புத்தகம் கிடைத்தது. நடுவில் ஒரு தாள் தடிமனாக இருந்தது. இரண்டு தாள் ஒன்றாக ஒட்டியிருந்தது. தறியில் பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சி. ஈரத்துணி வைத்துப் பிரித்தேன். உள்ளே அவன் அவளைக் கன்னத்தில் அறைகிறான்.

அது கூச்சமே இல்லை, அடித்துவிட்டு நின்றிருக்கிறான்.

அம்மாவிடம் காட்டினேன். மறக்கவில்லை. "அதுவரைக்கும் அவன் தங்கமானவன்னு எழுதிட்டு வந்தாங்க. அப்புறம் அடிக்க வெச்சா எதை நம்பறது? அதான் ஒட்டிட்டேன்" என்றார். எனக்காக மட்டும் ஒட்டவில்லை. தானும் அடுத்த முறை படிக்கும்போது அப்படியே படிக்கவேண்டும் என்றுதான் ஒட்டினாராம். இன்னும் இரண்டு புத்தகத்திலும் இதே மாதிரி ஒட்டு இருந்தது. மூன்றிலும் அந்தப் பக்கம் இல்லாமலே கதை நன்றாக ஓடுகிறது. அடிக்கிறவனை நாயகன் என்று எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கவேண்டும்.

நைட் டியூட்டி:

அம்மா செய்ததைக் கும்பிடுகிறேன். கடைசி வரி மட்டும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அடியை நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் முரட்டு நாயகன் கதை படிக்கிற எங்களைப் புத்தியில்லாதவர்கள் மாதிரி பலர் பேசுகிறார்கள். நாள் முழுக்க வீட்டிலும் வேலையிலும் எல்லாருக்கும் பணிந்துபோகிற ஒருத்திக்கு, ஊரே பயப்படுகிற ஒருவன் ஒருத்தி சொன்னால் மட்டும் கேட்கிறான் என்று படிப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா?

ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஒருமுறை சென்னை போனேன். சேலம் ஜங்ஷனில் ஏறியதிலிருந்து எதிர் பெர்த்தில் ஒரு அக்கா, போனில் யாருக்கோ கிசுகிசுத்த குரலில் அத்தியாயம் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் இருப்பவருக்குப் படிக்க வராது போல. நாயகன் கத்துகிற இடமெல்லாம் வேகமாகப் போனது. அவன் வந்து மன்னிப்புக் கேட்கிற இடத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தார். கொஞ்சம் மௌனம். அப்புறம், "இன்னொரு தடவையா? சரி" என்று மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

அந்த இரண்டாம் தடவையில் நானும் கண்ணை மூடிக் கேட்டேன். எத்தனை பேருக்கு வாழ்க்கையில் யாராவது வந்து அப்படி மன்னிப்புக் கேட்டிருப்பார்கள்? அதைத் தருகிற கதையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

சண்டை வேண்டாம் பிள்ளைகளே. இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. நைட் டியூட்டி சொன்ன மன்னிப்பு இரண்டாம் முறை வாசிக்கப்பட்டதற்குக் காரணம், அதில் கோபத்துக்கு ஒரு முடிவு இருந்ததுதான் என்பது என் எண்ணம்.

தட்டுவடை செட் தள்ளுவண்டி ஒன்றில் நின்றிருந்தேன். பக்கத்தில் கல்லூரிப் பிள்ளைகள் இருவர். காரச் சட்னி கொஞ்சம் அதிகம், பையனுக்குப் புரையேறிவிட்டது. அந்தப் பெண் பதறி அவன் உச்சந்தலையில் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தவள் கை நின்றது. "யாரு நினைக்கறா உன்னை?" என்றாள். அவன் இருமலுக்கு நடுவில் கையெடுத்துக் கும்பிட்டான்.

என் கையில் தட்டு அப்படியே நின்றது. வள்ளுவர் இதை எழுதிவைத்திருக்கிறார். 1317ஆம் குறளில் அவன் தும்முகிறான், அவள் வாழ்த்துகிறாள், உடனே யார் நினைத்துத் தும்மினீர் என்று அழுகிறாள். அடுத்த குறளில் அவன் தும்மலை அடக்கிப் பார்க்கிறான். உம்மவர் நினைப்பதை எனக்கு மறைக்கிறீரா என்று அதற்கும் அழுகிறாள். இன்பத்துப்பாலின் கடைசி 3 அதிகாரங்களும், புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை, இந்தச் செல்லச் சண்டைக்கே கொடுக்கப்பட்டவை. முப்பது வருஷம் அறத்துப்பாலும் பொருட்பாலும் நடத்தினேன். இந்த இரண்டு குறளை வகுப்பில் நடத்த எனக்கு வாய்க்கவே இல்லை.

மலையடிவாரம் அவர்களுக்கு ஒன்று. சங்கப் பாடல்களில் மலைநிலமான குறிஞ்சிக்குப் புணர்தல், வயல்நிலமான மருதத்துக்கு ஊடல் என்று உரிப்பொருள் பிரித்துவைத்தார்கள். நீங்கள் பஸ்ஸில் பார்த்த தம்பதி மலை ஏறிக்கொண்டே மருதம் நடத்தியிருக்கிறார்கள். உங்கள் நாயகன் நாயகியைத் தாங்கிப் பிடிக்கட்டும், தவறில்லை. அவளிடம் அவன் வளைவைத் தப்பாக எண்ணிச் சொல்லவும் வேண்டும்.

மலையடிவாரம்:

ஐயா, நேற்று ராத்திரி அந்த அத்தியாயத்தைத் திருத்த உட்கார்ந்தேன். வளைவில் அவள் சரிகிற இடத்தை எடுத்துவிட்டேன். பஸ்ஸில் பார்த்த அந்தத் தம்பதியின் எண்ணிக்கையை எடுத்துப் போட மனம் வரவில்லை, அது அவர்களுடையது. என் ஜோடிக்கு என்ன விளையாட்டு என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. அவர்கள் சந்தித்தே மூன்று வாரம்தான் ஆகிறது, முதலில் அது எப்படித் தொடங்கியது என்பதை நான் எழுதவேண்டும். இந்த வாரம் ஒரு யூடிதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்காரி அக்கா, பூக்கிற நாலு நாளை எடுத்துக்கொள்கிறேன்.

பட்டறைக்காரன்:

தோட்டத்துக்காரி அக்கா சொன்ன காரணமாக இருக்கலாம் என்றுதான் நானும் இரண்டு நாள் நினைத்தேன். இன்று மத்தியானம் அந்தப் பெண் தனியாக வந்தாள். கொலுசைக் கழற்றி வைத்து, வலது காலிலும் ஒரு முத்து வைக்கச் சொன்னாள்.

வைத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே நாலு அடி நடந்து பார்த்தாள். "அவர் வந்தா சொல்லிடாதீங்கண்ணா. எத்தனை நாள்ல கண்டுபிடிக்கறார்னு பார்க்கணும்."