திறமூலத் தமிழ் விசைப்பலகைத் திட்டம்: எக்ஸ், ஃபேஸ்புக்கை விட்டு மாஸ்டடானுக்குப் போகலாமா?

கவிதா, ஈசூன்

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் சில தன்னார்வலர்கள் சேர்ந்து ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கான தமிழ் விசைப்பலகை ஒன்றைத் திறமூலமாக, அதாவது நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் முடிகிற விதத்தில், பராமரித்து வருகிறோம். தமிழ்99 அமைப்பும் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவழைக்கும் முறையும் அதில் உண்டு. தமிழாசிரியர்கள், பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுக்கும் பெற்றோர், ஊழியர் தங்குவிடுதிகளில் இருக்கும் சகோதரர்கள், இவர்கள்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள்.

போன பதிப்பில் ஒரு பெரிய கோளாறு இருந்தது. 'கொ', 'போ' மாதிரி எழுத்தைத் தட்டிவிட்டு அழித்தால் அந்த எழுத்தோடு முன்னால் உள்ள சொல்லும் சேர்ந்து காணாமல் போகும். வகுப்பில் பிள்ளைகள் கட்டுரை தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது இது நடந்து, ஓர் ஆசிரியை எங்களுக்குக் காணொளி எடுத்து அனுப்பினார். இரவோடு இரவாகச் சரிசெய்து புதுப் பதிப்பை வெளியிட்டோம். ஆனால் அந்த அறிவிப்பை நாங்கள் இருக்கும் சமூக ஊடகங்களில் ஒன்று குப்பைப் பதிவு என்று சொல்லி நீக்கிவிட்டது. முறையிட்டோம். அச்சடித்த மாதிரி ஒரு பதில் வந்தது, அவ்வளவுதான். அவசரமாகச் சொல்ல வேண்டிய செய்தி, சொல்ல வழியில்லாமல் உட்கார்ந்திருந்தோம்.

அன்றிலிருந்து குழுவில் இதே பேச்சு. டெபியன் என்ற திறமூல இயங்குதளத் திட்டத்தின் விளம்பரக் குழு 2025 ஜனவரியில் எக்ஸில் பதிவிடுவதை நிறுத்தியதைக் காட்டி, நாமும் எல்லாவற்றையும் மூடிவிட்டு மாஸ்டடானுக்குப் போவோம் என்கிறார்கள் சிலர். மாஸ்டடான் எக்ஸ் மாதிரியான தளம்தான், ஆனால் ஒரே நிறுவனத்தின் கையில் இல்லாமல் பலர் நடத்தும் சர்வர்களில் ஓடுகிறது. நம் ஆட்கள் யார் அங்கே இருக்கிறார்கள் என்று கேட்கிறார்கள் மற்றவர்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. போவதென்றால் சொந்த சர்வர் வேண்டுமா? பழைய கணக்குகளை அழித்துவிட வேண்டுமா? இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

முத்து, செங்காங்

கவிதா, போங்கள். நல்ல முடிவு. ஆனால் எந்தத் தளம் என்று பேசுவதற்கு முன்னால் உங்கள் முகவரி யார் கையில் இருக்கப் போகிறது என்பதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

நான் சர்வர் பராமரிப்பு வேலையில் இருப்பவன். 2021 மே மாதம் ஃப்ரீநோட் உடைந்தது நினைவிருக்கும். எண்ணற்ற திறமூலத் திட்டங்கள் அரட்டைக்கு நம்பியிருந்த வலையமைப்பு அது, ஐஆர்சி என்ற பழைய எழுத்து அரட்டை முறையில் ஓடியது. யாருக்கு உரிமை என்ற தகராறு முற்றி, அதை நடத்திவந்த தன்னார்வலர்கள் கூட்டமாக விலகினார்கள். மே 19 அன்றே லிபெரா சாட் என்று புதிதாக ஒன்றைத் திறந்துவிட்டார்கள். உபுண்டு, ஜென்டூ, விக்கிமீடியா போன்ற திட்டங்கள் எல்லாம் சீக்கிரமே அங்கே போய்ச் சேர்ந்தன. அவ்வளவு வேகமாகப் போக முடிந்ததற்குக் காரணம் ஐஆர்சி ஒரு திறந்த நெறிமுறை, யாரும் பயன்படுத்தக்கூடிய பொது விதிமுறை. அதே மென்பொருள், அதே கட்டளைகள், சர்வர் பெயரை மாற்றினால் வேலை முடிந்தது.

அந்த மாதக் கடைசியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அறையின் தலைப்பில் லிபெராவுக்குக் குடிபோய்விட்டோம் என்று எழுதி வைத்திருந்த நூற்றுக்கணக்கான அறைகளை ஃப்ரீநோட்டின் புது நிர்வாகம் கைப்பற்றிக்கொண்டது. 2022 டிசம்பரில் ட்விட்டரும் மாஸ்டடான் போன்ற தளங்களுக்கு ஆள் சேர்க்கும் இணைப்புகளைப் போடக் கூடாது என்று ஒரு விதி கொண்டுவந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் உடனே எடுத்துவிட்டார்கள், ஆனாலும் வந்தது வந்ததுதான். ஆகவே புது முகவரியைப் பழைய இடத்தில் எழுதி வைக்கும் வேலையைச் சண்டை வரும்வரை தள்ளிப்போடாதீர்கள். இன்றைக்கே எழுதி வையுங்கள்.

தமிழர்களுக்கு இது புதுக் கதையும் இல்லை. 1990களில் தமிழில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினால், அனுப்பியவரிடம் இருந்த அதே எழுத்துரு வாங்குபவரிடமும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரை முழுக்கக் கோணல்மாணல் குறிகள்தான். ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியாக்கம், அதாவது எழுத்துக்குக் கணினியில் எண் கொடுக்கும் முறை. 1997-ல் தமிழ்க் கணினி முன்னோடி நா. கோவிந்தசாமி போன்றவர்கள் முன்னின்று இங்கே சிங்கப்பூரில்தான் தமிழ் இணைய மாநாட்டை நடத்தினார்கள். 1999-ல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டி வந்ததுதான் உங்கள் விசைப்பலகையில் இருக்கும் தமிழ்99. பிறகு எல்லா மொழிகளுக்கும் பொதுக் குறியாக்கமான யூனிகோடு எல்லாக் கருவிகளிலும் வந்து, இன்றைக்கு யார் எதில் எழுதினாலும் யாரும் படிக்கலாம். அன்றைக்கு ஏதோ ஒரு நிறுவனத்தின் குறியாக்கமே போதும் என்று விட்டிருந்தால் உங்கள் விசைப்பலகை யாருக்காக?

சமூக ஊடகத்தில் அந்த வேலையைச் செய்ய வந்ததுதான் ஆக்டிவிட்டிபப் என்ற திறந்த நெறிமுறை, மாஸ்டடான் ஓடுவது அதில்தான். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் அதை அதிகாரபூர்வத் தரமாக ஏற்றது. மாஸ்டடானில் கணக்கு வைத்திருப்பவர் அங்கிருந்தே பியர்டியூபில் இருக்கும் காணொளிப் பக்கத்தையும் வேர்ட்பிரஸில் இருக்கும் வலைப்பதிவையும் பின்தொடரலாம். ஒரு சர்வர் பிடிக்கவில்லையென்றால் இன்னொன்றுக்குக் குடிபோகலாம், பின்தொடர்பவர்கள் கூடவே வந்துவிடுவார்கள். பழைய பதிவுகள் வராது. இதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், போன பிறகு வருத்தப்படுகிறார்கள்.

பதிவுகள் போவது எவ்வளவு பெரிய இழப்பு என்பது அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். நிறையத் தமிழ்க் குழுமங்கள் யாகூவில் இருந்தன. இலக்கியம், கணினி, சமையல் என்று இராத்திரி இரண்டு மணி வரை எழுதிக்கொண்டிருப்பார்கள். 2019 கடைசியில் பழைய மடல்களைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். 2020 டிசம்பரில் குழுமங்களையே மூடிவிட்டார்கள். நேரத்தோடு இறக்கி வைத்தவர்களிடம் இருப்பதுதான் மிச்சம். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

சரி, உங்கள் விஷயம். சொந்தமாக மாஸ்டடான் சர்வர் வேண்டாம். அது கனமான மென்பொருள். போஸ்ட்கிரஸ், ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருள்கள் எல்லாம் ஓட வேண்டும், மற்ற சர்வர்களிலிருந்து வரும் படங்கள் சேர்ந்து சேர்ந்து வட்டை நிரப்பும். அதைத் துடைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நீங்கள் விசைப்பலகையைக் கவனிக்கலாம். உங்கள் வலைத்தளம் வேர்ட்பிரஸ் என்றால் ஆக்டிவிட்டிபப் செருகுநிரலை, அதாவது தளத்தோடு சேர்க்கும் கூடுதல் நிரலைப் போடுங்கள். தளமே ஒரு கணக்காகிவிடும், மாஸ்டடானில் இருப்பவர்கள் நேராக அதைப் பின்தொடரலாம். இல்லையென்றால் கோடுசோஷியல் (GoToSocial) என்று ஒரு சர்வர் மென்பொருள் இருக்கிறது. சின்ன வாடகை சர்வரிலேயே ஓடும், மாஸ்டடானுக்கென்று வந்த கைப்பேசிச் செயலிகள் பலவும் அதோடு வேலை செய்யும்.

பிறர் நடத்தும் சர்வரில் கணக்கு வைத்தாலும் தப்பில்லை. திறமூலத் திட்டங்களுக்கென்றே ஃபாஸ்டடான் போன்றவை இருக்கின்றன. ஆனால் அவற்றை நடத்துபவர்களும் நம்மைப் போன்ற மனிதர்கள்தான், ஒரு நாள் களைத்துப்போவார்கள். புதுப் பதிப்பு வந்ததைத் தானாக அறிவிக்கும் நிரல்கள் பல போட்ஸின் ஸ்பேஸ் என்ற சர்வரில் இருந்தன. 2024 கடைசியில் அதை நிறுத்திவிட்டார்கள். அதனால் எந்த அறிவிப்பும் முதலில் உங்கள் சொந்த டொமைனில், அதாவது உங்கள் பெயரில் பதிந்த இணைய முகவரியில், புதுப் பதிவுகளைத் தானாகத் தெரிவிக்கும் ஆர்எஸ்எஸ் ஓடையோடு வரட்டும். மற்ற இடங்களுக்கு அங்கிருந்து போகட்டும்.

பழைய கணக்குகளை அழிக்காதீர்கள். அழித்தால் நாளைக்கு வேறொருவர் அதே பெயரை எடுத்து, உங்கள் விசைப்பலகை என்று சொல்லி எதையாவது பரப்பலாம். விசைப்பலகை என்பது மக்கள் கடவுச்சொல் தட்டும் பொருள், விளையாட்டில்லை.

ராஜா, தேக்கா

முத்து அண்ணன் சொல்வது அத்தனையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஃபேஸ்புக்கை விட்டு வரச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதியில் இருக்கும் தம்பிகளுக்குக் கைப்பேசி வகுப்பு எடுக்கிறேன். கவிதா அக்காவின் விசைப்பலகையைத்தான் போட்டுக் கொடுக்கிறேன். அவர்களுக்கு மாஸ்டடான் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. ஊரில் அம்மாவுக்கு நாலு வரி தமிழில் அனுப்ப வேண்டும், மேற்பார்வையாளர் அனுப்பியதற்குப் பதில் போட வேண்டும். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி, 'ஞ' எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தன் ஊர்ப் பெயரையே வேறு மாதிரி எழுதிக்கொண்டிருந்தார். எழுத்தை அழுத்திப் பிடித்தால் மற்ற எழுத்துகள் வரும் என்று காட்டியதும் முகம் மலர்ந்துவிட்டது. அவர் ஒரு கோளாறைக் கண்டால், நிரலாளர்கள் புழங்கும் கிட்ஹப் தளத்தில் கணக்குத் திறந்து எழுதுவாரா? ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு குரல்பதிவு அனுப்புவார். வேலை முடிந்து, குளித்து, சமைத்துச் சாப்பிட்டு, பத்து மணிக்கு மேல் அனுப்புகிற அந்தக் குரல்பதிவுதான் உங்களுக்கு வரும் மிக நல்ல சோதனை அறிக்கை.

எக்ஸைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை, எங்கள் ஆட்கள் அங்கே கிடையாது. ஃபேஸ்புக் பக்கத்தில் மட்டும் யாராவது ஒருவர் பதில் சொல்ல இருங்கள். கொள்கைக்காக வெளியேறுவது பெரிய விஷயம்தான். அந்தக் கொள்கையின் விலையை இந்தத் தம்பிகள் கொடுக்கும்படி ஆகிவிடக் கூடாது.

நிலா, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி

யாரும் சொல்லாத ஒரு விஷயம். எக்ஸில் சாதாரணக் கணக்குக்கு 280 எழுத்துதான் எல்லை, அதிலும் தமிழுக்கு நஷ்டம். எழுத்தோடு சேர்ந்த புள்ளியையும் கொம்பு, சுழி போன்ற குறிகளையும் தனித்தனியாக எண்ணுகிறது. 'தமிழ்' என்ற சொல்லுக்கு அங்கே ஐந்து போய்விடும். மாஸ்டடான் நாம் கண்ணால் பார்க்கிற எழுத்தை எண்ணுகிறது, அதே சொல்லுக்கு மூன்றுதான். அதோடு வழக்கமான எல்லையே 500. எக்ஸ் மாதிரியான இன்னொரு தளமான ப்ளூஸ்கையும் கண்ணால் பார்க்கிற எழுத்தைத்தான் எண்ணும், எல்லை 300.

கவிதா அக்கா, உங்கள் பழைய அறிவிப்புகளில் பாதி படமாகத்தான் இருக்கிறது, இடம் பற்றாமல் அப்படிப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். படத்துக்குள் இருக்கும் தமிழைத் தேடுபொறியில் தேடிப் பிடிப்பது கஷ்டம், பார்வையற்றவர்களின் திரைவாசிப்பானும் படிக்காது. என் நண்பன் ஒருவன் திரைவாசிப்பான்தான் பயன்படுத்துகிறான். எழுத்தாகப் போட்டால் அவனும் படிப்பான்.

இன்னொன்று, 2023 ஜூன் கடைசியிலிருந்து உள்நுழையாமல் ட்விட்டரில் படிப்பதே சிக்கலாகிவிட்டது. தனிப் பதிவின் இணைப்பு கிடைத்தால் திறக்கிறது. கணக்குப் பக்கத்துக்குப் போனால் புதிய பதிவுகள் வரிசையாக வருவதில்லை, அதிகம் பேர் விரும்பிய பழையவைதான் வருகின்றன. புதுப் பதிப்பு வந்ததா என்று பார்க்க வருபவர் எப்போதோ போட்ட பொங்கல் வாழ்த்தைப் பார்த்துவிட்டுப் போவார்.

கவிதா, ஈசூன்

முத்து அண்ணே, ராஜா, நிலா, மூவருக்கும் மிக்க நன்றி. ராஜா சொன்ன குரல்பதிவு விஷயம் மனதில் நின்றுவிட்டது. போன மாதம் 'ஸ்ரீ' சரியாக வராததைச் சொன்னவரும் அப்படி ஒரு தம்பிதான்.

இப்படி யோசித்திருக்கிறேன். எங்கள் தளம் வேர்ட்பிரஸ்தான், செருகுநிரலைப் போட்டு அதையே கணக்காக்குகிறோம். எக்ஸில் புது முகவரியைக் கடைசிப் பதிவாகப் போட்டு மேலே நிறுத்திவிட்டுப் பேச்சை முடித்துக்கொள்கிறோம். ஃபேஸ்புக் பக்கம் உதவி கேட்பவர்களுக்காக இருக்கும். அங்கே வரும் கோளாறுகளை நானே எங்கள் பட்டியலில் எழுதிவிடுகிறேன். அறிவிப்புகள் இனி எழுத்தாகவே வரும், நிலா. டெலிகிராம் குழுவை இப்போதைக்குத் தொடவில்லை.

டொமைன் இப்போது முன்பு எங்களோடு இருந்த ஒருவரின் பெயரில் இருக்கிறது. அவர் வேலை மாறி மெல்பர்ன் போய்விட்டார், கேட்டால் கொடுத்துவிடுவார். இதை எப்படிக் கையாள்வது?

முத்து, செங்காங்

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதை முடியுங்கள். அந்த டொமைன் போனால் தளம், மாஸ்டடான் முகவரி, மின்னஞ்சல் மூன்றும் சேர்ந்து போகும். பின்தொடர்பவர்களை வேறு இடத்துக்கு மாற்றக்கூடப் பழைய முகவரி உயிரோடு இருந்தால்தான் முடியும்.

சிங்கப்பூரின் டாட் எஸ்ஜி முகவரி என்றால் நிர்வாகத் தொடர்பாளர் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம் வழியாகத் தன்னை உறுதிப்படுத்த வேண்டும். கெடுவுக்குள் செய்யாவிட்டால் முகவரியை முடக்கிவிடுவார்கள். ஆகவே இங்கேயே இருக்கும் ஒருவர் பெயரில் மாற்றுங்கள். தொடர்பு மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்க வேண்டாம், டொமைன் காலாவதியானால் நினைவூட்டல் கடிதமும் வந்து சேராது. பதிவுக் கணக்கின் கடவுச்சொல் குறைந்தது இருவரிடம் இருக்கட்டும். கட்டணத்தைச் சில ஆண்டுகளுக்குச் சேர்த்தே கட்டிவிடுங்கள், பெரிய தொகை வராது.

செருகுநிரல் போடும் அன்று ஏதாவது சிக்கினால் இங்கேயே எழுதுங்கள். கணக்கின் பெயரை மட்டும் முதலிலேயே நன்றாக யோசித்து வையுங்கள், ஆட்கள் பின்தொடர ஆரம்பித்த பிறகு மாற்றுவது தலைவலி.