நியர் ஆட்டோமேட்டா: ஹேக் பண்ணும்போது பாட்டு மாறுவது எப்படி?

கேள்வி:
நியர் ஆட்டோமேட்டா வீடியோ கேமில் இடிந்த நகரத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். 9எஸ் என்ற ஆண்ட்ராய்டு பாத்திரம் ஹேக்கிங்கில் இறங்கியதும் அதே மெட்டு பழைய எட்டு பிட் கேம் மாதிரி பீப் பீப் என்கிறது. வெளியே வந்தால் முழு இசையும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது, தாளம் துளிகூடப் பிசகவில்லை. எப்படிங்க? அப்புறம், அந்தப் பாட்டெல்லாம் என்ன மொழி?

பதில் 1:
ஒரே மெட்டுக்குப் பல வடிவம் வைத்திருக்கிறார்கள். அமைதியாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, அதிரடியாக ஒன்று, ஹேக்கிங்குக்கு எட்டு பிட்டில் ஒன்று, மேலே குரல் தனி. சூழலுக்கேற்ப ஒன்றை இறக்கி இன்னொன்றை ஏற்றுகிறது கேம். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும் அதே இடத்தில் மாறுவதால் வெட்டுத் தெரியாது. இசையமைப்பாளர் கெய்இச்சி ஒகாபேயும் அவருடைய மோனகா குழுவும் செய்த வேலை. சண்டை இல்லாத இடத்தில் சும்மா நின்று கேட்டுப் பாருங்கள்.

பதில் 2:
மொழியா? எந்த ஊரிலும் பேசாத மொழி! பெரும்பாலும் பாடகி எமி எவன்ஸ் இட்டுக்கட்டிப் பாடியது. 2010இல் வந்த முதல் நியரிலேயே நிஜ மொழிகளின் ஓசையை வைத்து இதைச் செய்துவிட்டார். அர்த்தம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

கேட்டவர்:
அட, நான் பிரெஞ்சு என்றே நினைத்தேன்! கடைசிப் பாட்டும் இப்படித்தானா?

பதில் 1:
அதை மட்டும் இப்போது யூடியூபில் தேடாதீர்கள். கேமின் பல முடிவுகளில் ‘ஈ’ (E) என்ற முடிவு வரை விளையாடிவிட்டு வாங்க, பேசலாம்.