"எங்கிருந்தும்" எண்டால் எங்கேயிருந்து?

பாலைப்பழம்:
நேற்று ஒருத்தர் இஞ்ச, கேம் செய்யிற கொடோ எஞ்சினைப் பற்றி எழுதிப்போட்டுப் போயிருக்கிறார்: "கொடோவில ../../ எண்டு பாதை எழுதுறவன் புரோகிராமரே இல்லை. நோட்டுக்கு % பேர் குடுத்தால் எங்கிருந்தும் பிடிக்கலாம்." வாசிச்ச நேரம் தொடக்கம் பத்தி எரியுது. மூண்டு வருசமா நான் ஒரு நோட்டில, அதாவது கேமின்ர ஒரு உறுப்பில, நிண்டு ரெண்டு படி மேல போ எண்டு ../../ பாதை எழுதித்தான் வயல் விளையாட்டுச் செய்யிறன். நான் அப்ப என்ன, மேசனோ?

முறிகண்டிக் கச்சான்:
எழுதினது நான்தான், பேர் சொல்லியே திட்டும். போன கிழமை மதகைத் தூக்கிக் குளக்கட்டு நோட்டுக்குக் கீழ விட்டீர். உம்மட ../../தண்ணிமட்டம் நல் எண்டு வந்துது. நல் எண்டால் ஒண்டும் கிடைக்கேல்லை எண்டு, நல்லது எண்டு நினைச்சீரோ? இரவு பதினொண்டுக்கு ஆருக்குக் கோல் எடுத்தனீர்? % வந்தது கொடோ 3.5இல, 2022இல. இன்னும் புள்ளி எண்ணிக்கொண்டு இருக்கிறீர்.

பாலைப்பழம்:
கோல் எடுத்ததை ஊருக்குச் சொல்லுற ஆள் எண்டு தெரியாமப் போச்சு. நான் கேக்கிறது ஒண்டுதான். "எங்கிருந்தும்" எண்டால் எங்கேயிருந்து? வாய்க்கால் எனக்குத் தனிச் சீன், நோட்டுகளைச் சேர்த்து வைச்ச தனிக் கோப்பு. அதின்ர பிரதியை மெயின் சீனுக்குள்ள இன்ஸ்டன்ஸ் பண்ணியிருக்கிறன். வாய்க்காலின்ர ஸ்கிரிப்டில %தண்ணிமட்டம் எண்டு எழுதினால் வராது, ஏனெண்டால் அது மெயினில கிடக்கு. % அந்தந்தச் சீனுக்குள்ள மட்டும்தான்.

முறிகண்டிக் கச்சான்:
மெயினில நிண்டு உள்ளுக்க எடுக்கலாமே. நோட்டைப் பிடிக்கிற கெட் நோட் கட்டளைக்குள்ள "வாய்க்கால்/%மதகு" எண்டு குடும். மதகு எத்தினை படி கீழ கிடந்தாலும் வரும்.

பாலைப்பழம்:
நடுவில ஒரு சாய்கோடு கிடக்கே, அது என்ன? பாதைதானே!

முறிகண்டிக் கச்சான்:
ஒரு கோடு ஐசே. ஒரு கோடு கிடந்தால் பாதையோ?

பாலைப்பழம்:
ஓம்.

நந்திக்கடல் இறால்:
அண்ணையவை, ஸ்கிரிப்டில எக்ஸ்போர்ட் போட்டு, எடிட்டரில இருக்கிற இன்ஸ்பெக்டர் பெட்டிக்குள்ள நோட்டை இழுத்து விடுங்கோவன். எடிட்டரில நோட்டை நகர்த்தினாலும் அதுவே திருத்திக்கொள்ளும். யுனிட்டி எஞ்சினிலயும் நான் உப்பிடித்தான்.

முறிகண்டிக் கச்சான்:
யுனிட்டி ஆக்கள் கொஞ்சம் பொறுங்கோ. பேரைச் சொல்லித் தேடுற உங்கட கேம்ஒப்ஜெக்ட் ஃபைண்ட், நிப்பாட்டி வைச்ச ஒப்ஜெக்டைக் கண்டுபிடிக்காது. அதைச் சொல்ல மாட்டியள். 2023 செப்டெம்பரில யுனிட்டிக்காரர் கேமின்ர இன்ஸ்டோல் கணக்குக்குக் காசு எண்டோன்ன இஞ்சாலதானே ஓடி வந்தனீங்கள்?

நந்திக்கடல் இறால்:
அதை அடுத்த வருசமே கைவிட்டிட்டாங்கள் அண்ணை. நான் ஓடவும் இல்லை.

முறிகண்டிக் கச்சான்:
சரி, எல்லாருக்கும் விளங்கிற மாதிரிச் சொல்லுறன். வவுனியாவில நிக்கிறவனுக்கு முல்லைத்தீவுக்கு வழி எண்டால், மாங்குளத்தில திரும்பி ஒட்டுசுட்டானால போ எண்டுவம். கிளிநொச்சியில நிக்கிறவனுக்குப் பரந்தனால, புதுக்குடியிருப்பால. ஆள் நிக்கிற இடம் மாற வழி மாறுது. ../../ உம் அதுதான். நான் பேரைச் சொல்லுறன், நீர் வழியைச் சொல்லுறீர். இன்னொண்டு. விளையாட்டு ஓடேக்கை ஒரே பேரில கொக்குகளைச் சேர்க்கிறீர். ரெண்டாவது கொக்குக்குக் கொடோ தானா @ போட்டு வேற பேர் வைக்கும். அதை எந்தப் பாதையால பிடிப்பீர்?

பாலைப்பழம்:
நீர் % ஆல பிடிப்பீரோ?

முறிகண்டிக் கச்சான்:
கொக்குகளை ஒரு குரூப்பில போட்டுக் கூட்டாப் பிடிக்கிறது. அது வேற கதை.

பாலைப்பழம்:
அப்ப "எங்கிருந்தும்" பொய்.

குளக்கட்டு:
வவுனியாவில இருந்து போறவன் என்னத்துக்கு மாங்குளம் மட்டும் போறான்? புளியங்குளத்தில திரும்பி நெடுங்கேணியால போறதுதானே.

முறிகண்டிக் கச்சான்:
மாங்குளத்தால போறதுதான் ஏ34 றோட்டு. பஸ்ஸில போய்ப் பாரும்.

குளக்கட்டு:
பஸ்ஸில போறவன் ஏன் வழி கேக்கிறான்? கொண்டக்டர் இறக்கி விடுவார்.

பாலைப்பழம்:
கதையை மாத்தாதையுங்கோ. எங்கிருந்தும் எண்டால் எங்கேயிருந்து?

முறிகண்டிக் கச்சான்:
சீனுக்குள்ள எங்கிருந்தும். வாசிக்கத் தெரிஞ்சவனுக்கு அது விளங்கும். நீர் தந்த பென் டிரைவைக் குத்தி என்ர மெசினுக்கு வைரஸ் வந்ததையே நான் இன்னும் கதைக்கேல்லை.

பாலைப்பழம்:
"சீனுக்குள்ள" எண்டு நேற்று எழுதேல்லை. ஸ்கிரீன்ஷொட் இருக்கு. பென் டிரைவ் என்ர இல்லை, மச்சான்ர.

முறிகண்டிக் கச்சான்:
புரோகிராமர் ஸ்கிரீன்ஷொட் எடுக்கிறார். கோடு எழுதுறதை விட அது லேசுதான்.

குளக்கட்டு:
ஒட்டுசுட்டானில தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டிட்டுப் போறதெண்டால் மாங்குளம் சரி. மற்றும்படி நெடுங்கேணி.