41 கிலோமீட்டர் உயரத்தில் பாக்டீரியா: மேலிருந்து வந்ததா, கீழிருந்து போனதா?

தண்டையார்பேட்டை டீச்சர்:
மாலையில் வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். எண்ணூரிலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்புப் பையன், "அனல்மின் நிலையப் புகையோடு கிருமியும் மேலே போகுமா?" என்று கேட்டான். தேடிப் பார்த்தால், இஸ்ரோ பலூன் 41 கிலோமீட்டர் உயரத்தில் பாக்டீரியாவைப் பிடித்ததாம். அது விண்வெளியிலிருந்து வந்தது என்று ஒரு வீடியோ அடித்துச் சொல்கிறது. நம்பலாமா?

ராயபுரம் லேப்காரன்:
நம்ப வேண்டாம் டீச்சர். ஆனால் பலூன் போனது உண்மை. 2005 ஏப்ரலில் ஹைதராபாத்திலிருந்து பறந்தது. திரவ நியானில் குளிரூட்டிய எஃகுக் குழாய்கள் 20 முதல் 41 கிலோமீட்டர் வரை காற்றை உறைய வைத்துப் பிடித்தன. அந்தக் காற்றிலிருந்து ஆய்வகத் தட்டுகளில் 12 பாக்டீரியா, 6 பூஞ்சைக் கூட்டங்கள் வளர்ந்தன. அவற்றில் மூன்று பாக்டீரியாக்கள் புதிய இனங்கள்: ஜானிபாக்டர் ஹோய்லி, பேசில்லஸ் இஸ்ரோனென்சிஸ், பேசில்லஸ் ஆரியபட்டாய். 2009இல் அறிவித்தபோதே, இவை வேற்றுலகத்தவை என்று நிறுவவில்லை என இஸ்ரோ தெளிவாகச் சொன்னது. வீடியோக்காரர்களுக்கு அந்த வரி மட்டும் கண்ணில் படுவதில்லை.

முப்பது வருடம் கிருமி வளர்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். தட்டில் வளர்ந்தது என்றால் பிடிபட்டபோது உயிர் இருந்தது என்றுதான் பொருள். அங்கே தின்று பெருகியது என்று பொருளில்லை. பேசில்லஸ் வகை, நிலைமை மோசமானால் தடித்த ஓட்டுக்குள் வித்தாகச் சுருண்டு கிடக்கும். ஆரியபட்டாய் பிறகு சாதாரண மண்ணிலும் செடி வேரடியிலும் கிடைத்திருக்கிறது. பையனிடம் சொல்லுங்கள்: அந்தப் புகை உலை நெருப்பில் வெந்து வருகிறது, கிருமி தப்பாது. புழுதிக்காற்று வேண்டுமானால் தூக்கிப் போகும்.

கொருக்குப்பேட்டை வாசகர்:
அண்ணா, புழுதிக்காற்று 41 கிலோமீட்டர் தூக்குமா? மழை மேகமே அதில் பாதி உயரம்கூடப் போகாதே.

ராயபுரம் லேப்காரன்:
தூக்காது. பெரிய எரிமலை வெடித்தால் அந்த உயரத்துக்குக் கிட்டே சாம்பல் போகும். 1991இல் பினாட்டுபோ சாம்பல் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் போனது. அதற்கு மேல் எப்படி ஏறுகிறது என்பது நல்ல கேள்விதான்.

தண்டையார்பேட்டை டீச்சர்:
பேசில்லஸ் வித்தாகக் கிடந்தது, சரி. ஜானிபாக்டர்?

ராயபுரம் லேப்காரன்:
அங்கேதான் எனக்கும் உதைக்கிறது டீச்சர். அந்த இனம் வித்து உண்டாக்காது. கிருமியைக் கொல்லும் புற ஊதாக் கதிரைத் தடுப்பது ஓசோன். அதில் பெரும்பகுதி 41 கிலோமீட்டருக்குக் கீழேதான் இருக்கிறது, அதனால் அங்கே அக்கதிர் நேராக விழும். மூன்றும் தங்கள் நெருங்கிய உறவினங்களைவிடக் கூடுதலாக அக்கதிரைத் தாங்கின என்று சோதித்திருக்கிறார்கள். தூசித் துகளுக்குள் ஒளிந்தால் இன்னும் தாங்கும் என்பது என் கணிப்பு. பையனையே யோசிக்கச் சொல்லுங்கள்.