ஊசி போட்டும் வத்தாத வீக்கம், உங்கட வீட்டிலயும் ஆருக்கும் வந்திருக்கா?

எங்கட தம்பிக்கு ஏஎல் படிக்கேக்க தொடங்கினது. ஒருக்கா சொண்டு பணிஸ் மாதிரி வீங்கும், அடுத்த முறை கை, பிறகு கண்மடல், ரெண்டு மூண்டு நாளில தன்ட பாட்டில வத்திடும். கடி சொறி ஒண்டுமில்ல, தோல் இறுகிப் பளபளவெண்டு நிக்கும். அம்மா இறால் நண்டு கத்தரிக்காய் எல்லாம் நிப்பாட்டிப் பாத்தா, வெள்ளவத்தை டொக்டரிட்ட போனா பிரிட்டோன் எண்ட அலர்ஜி மருந்தும் ஸ்டெரொய்டும்தான், ஒண்டுக்கும் கேக்காது. ஒருக்கா வயித்துக்குத்தும் சத்தியும் வந்து ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில அப்பெண்டிசைட்டிஸ் எண்டு தியேட்டருக்குக் கொண்டுபோக வெளிக்கிட்டினம், ஸ்கேனில குடல் வீங்கியிருக்கிறதக் கண்டபிறகுதான் விட்டவை.

கடைசியா ஒரு கிளினிக்கில வயசான டொக்டர் ஒருத்தர் கேட்டார், "குடும்பத்தில ஆரும் தொண்டை அடைச்சு செத்தவையோ?" எங்கட அப்பப்பா அப்பிடித்தான் போனவர், டெத் சேர்டிபிகேட்டில ஆஸ்த்மா எண்டு இருக்கு! உடன சி4 எண்ட புரதத்தைப் பாக்க ரத்தம் எடுத்தினம், குறைவு. பிறகு சி1 இன்ஹிபிட்டர் எண்ட இன்னொரு புரதம், அதுவும் குறைவு. ஹெரிடெட்டரி அஞ்சியோடீமாவாம், பரம்பரையா வாற வீக்க வருத்தம், 50,000 பேரில ஒருத்தருக்கு வாறது. இது அலர்ஜியில உடம்பு விடுற ஹிஸ்டமினால வாற வீக்கமில்ல, பிராடிகைனின் எண்ட வேறொரு பொருளால வாறது, அதாலதான் அலர்ஜி ஊசி வேலை செய்யேல்ல. இப்ப வீக்கம் வராமத் தடுக்கிற டெனசோல் குளிசை போடுறான், வீக்கம் வாறது நல்லாக் குறைஞ்சிட்டுது. பல்லுப் பிடுங்கிறதெண்டாலும் முதலே சொல்லோணும்.

—

அக்கா, கொட்டாஞ்சேனையில எங்கட மாமாவுக்கு நாக்கு வீங்கினது, ஆனா பரம்பரையில்ல, பிரஷருக்குப் போட்ட எனலப்ரில். வருஷக்கணக்காப் போட்ட குளிசை எண்டபடியா ஒருத்தரும் அதில சந்தேகப்படேல்ல. நிப்பாட்டி வேற குளிசை குடுத்தவை, அதுக்குப் பிறகும் கொஞ்ச நாளைக்கு வந்து வந்து போனது. இப்ப கிளினிக் கொப்பியில சிவப்புப் பேனையால எழுதி வச்சிருக்கிறம்.

—

எனக்கு வீக்கத்தோட தடிப்பும் கடியும் வரும், அதுவும் இதுவோ? எனக்கெண்டா அலர்ஜி குளிசை டோஸக் கூட்டினோன்ன கேக்குது.

—

இல்ல தங்கச்சி, குளிசைக்குக் கேக்குதெண்டா உங்கட வேற மாதிரி, பயப்பிடாதேங்கோ. ஆனா எங்கட மாதிரி எண்டா பிள்ளைகளுக்கும் சி4 பாக்கோணும், பாதிக்குப் பாதி சான்ஸ் இருக்கு. பொம்பிளப் பிள்ளைகள் ஈஸ்ட்ரோஜன் உள்ள குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசையும் எடுக்கப்படாது. குரல் மாறினா, எச்சில் விழுங்கேலாட்டி, கிளினிக் நாள் பாத்துக்கொண்டிராம 1990 அம்புலன்சுக்கு அடிச்சு, ரிப்போர்ட்டையும் கையோட கொண்டு போங்கோ. சி1 இன்ஹிபிட்டர் மருந்து இல்லாத இடத்தில பிளாஸ்மாவாவது (ரத்தத்தின்ட நீர்ப்பகுதி) ஏத்துவினம், பேப்பரக் காட்டாட்டி திரும்ப பிரிட்டோன் ஊசிதான்.