கனடாவில் எழுதும் பவர்: அபோஸ்டில் போதுமா, தூதரக முத்திரையும் வேண்டுமா?

குடந்தைவாசி:
அப்பா காலமான பிறகு வீடு எனக்கும் அண்ணனுக்கும் பொதுவில் இருக்கிறது, விற்கப் போகிறோம். அண்ணன் டொராண்டோவில், இப்போதைக்கு வர முடியாது. அதனால் என் பெயருக்குப் பவர் எழுதி அங்கே நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு, அபோஸ்டில் (நோட்டரியின் கையெழுத்து உண்மை என்று அங்குள்ள அரசு தரும் சான்று) வாங்கி அனுப்புகிறேன் என்கிறார். இங்கே பத்திர எழுத்தரோ இந்தியத் தூதரக முத்திரை இல்லாமல் பதிவே ஆகாது என்கிறார். எது சரி?

மேப்பிள்தமிழன்:
பத்திர எழுத்தர் சொல்வது பழைய நடைமுறை. கனடாவில் அபோஸ்டில் வந்ததே 2024 ஜனவரி 11-இல்தான், அதற்கு முன்னால் தூதரகம்தான் வழி. நாடுகள் ஒன்றின் அபோஸ்டிலை மற்றொன்று ஏற்பதற்கான ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 2005-லிருந்தே இருக்கிறது, ஆகவே இப்போது அபோஸ்டில் போதும். ஒன்டாரியோ நோட்டரி என்றால் ஒன்டாரியோ அரசே தரும். அண்ணன் நேரில் போய்த் துணைத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டாலும் செல்லும், பதிவுச் சட்டம் 33-ஆம் பிரிவு இரண்டையும் ஏற்கிறது. ஏதாவது ஒன்று போதும்.

பதிவுத்துறை_ஓய்வு:
மேலே சொன்னது சரி. ஆனால் அபோஸ்டில் அந்த நோட்டரியின் கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்று மட்டும்தான் சொல்லும், உள்ளே எழுதியிருப்பதை யாரும் பார்க்க மாட்டார்கள். சர்வே எண்ணில் ஒரு இலக்கம் பிசகினாலும் அத்தனை முத்திரையோடும் பத்திரம் திரும்பி வரும். அதனால் அண்ணன் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே வரைவை சார் பதிவாளர் அலுவலகத்தில் காட்டிவிடுங்கள் அம்மா. விற்கவும், பணம் பெறவும், பதிவுக்கு ஆஜராகவும் அதிகாரம் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, அவருடைய புகைப்படம், பாஸ்போர்ட் எண் இருக்கட்டும்.

குடந்தைவாசி:
ரொம்ப நன்றி ஐயா. ஸ்கேன் அனுப்பினால் வேலை ஆகுமா?

பதிவுத்துறை_ஓய்வு:
ஆகாது, அசல்தான் வேண்டும். அது இந்தியா வந்து சேர்ந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும், முத்திரைச் சட்டம் 18-ஆம் பிரிவு. பலர் வாங்குபவர் கிடைக்கட்டும் என்று பீரோவில் வைத்துவிட்டுக் கெடுவைத் தவறவிடுகிறார்கள். வந்த தேதிக்குச் சான்றாக கூரியர் உறையையும் பத்திரமாக வையுங்கள்.

மேப்பிள்தமிழன்:
இன்னொன்று, கிரயப் பதிவின்போது அண்ணன் உயிரோடு இருப்பதற்கான சான்றும் கேட்பார்கள், பழையது செல்லாது. பதிவு தேதி முடிவான பிறகு அதை எடுக்கச் சொல்லுங்கள்.