நாலு எழுத்தில் ஆளை எடைபோடுவது

மழைக்காகம்:
போன வருடம் ஆபீசில் எல்லோரையும் எம்பிடிஐ ஆளுமைத் தேர்வு எழுதவைத்தார்கள். முடிவு நாலு எழுத்தில் வரும். எனக்கு முதல் எழுத்து 'ஐ', அதாவது உள்முகம், தனக்குள் ஒதுங்குகிற சுபாவம். கஸ்டமரை நேரில் பார்க்கிற வேலைக்கு மாற்றிக் கேட்டால், "உங்க டைப்புக்கு அது செட் ஆகாது" என்கிறார் எச்ஆர். இதற்கு ஜாதகமே பார்த்திருக்கலாமே?

தராசுமுள்:
ஜாதகம் பிறந்த நேரத்தைப் பார்க்கிறது, இது நீங்களே சொன்ன பதிலைப் பார்க்கிறது. ரெண்டும் ஒன்றா? எங்கள் டீமில் ஒருவர் மீட்டிங்கில் வாயே திறக்கமாட்டார், திமிர் என்றே நினைத்திருந்தோம். இந்தத் தேர்வுக்கு அப்புறம்தான் அவர் சுபாவமே அது என்று புரிந்தது.

மழைக்காகம்:
பேச்சைத் தொடங்க உதவும், சரி. ஆனால் பெரும்பாலானவர்கள் நடுவில்தான் இருக்கிறார்கள், அங்கே கோடு கிழித்து இந்தப் பக்கம் உள்முகம், அந்தப் பக்கம் வெளிமுகம் என்றால் கோட்டை ஒட்டி நிற்கிறவன் கதி? பத்து மாதம் கழித்து நானே மறுபடி எழுதிப் பார்த்தேன், 'ஈ' வந்தது, அதாவது வெளிமுகம்!

பழையசிலேட்டு:
உளவியல் படித்தவன் என்பதால் குறுக்கிடுகிறேன். "எனக்கு அப்படியே பொருந்துது" என்று எழுதியவர்கள் சொல்வது ஆதாரமே இல்லை. 1948-ல் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு, உன் தேர்வு முடிவு என்று சொல்லி, ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்த ஒரே குறிப்பை எல்லோருக்கும் கொடுத்தார். தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்குச் சராசரி சுமார் 4.3 மார்க் போட்டார்கள்! அதற்காக எல்லாத் தேர்வையும் குப்பை என்று சொல்லவில்லை. ஐந்து குணங்களைப் பார்க்கிற 'பிக் ஃபைவ்' தேர்வு ஆளை வகை பிரிக்காது, ஒவ்வொரு குணமும் எவ்வளவு என்று அளவுதான் சொல்லும். அதில் பொறுப்புணர்வுக்கும் வேலைத் திறனுக்கும் தொடர்பு உண்டு, ஆனால் சுமாரான தொடர்பு. அதை வைத்து ஒரு தனி ஆளின் தலையெழுத்தை எழுத முடியாது.

தராசுமுள்:
அப்போ இன்டர்வியூ மட்டும் யோக்கியமா? எந்த ஊர், எந்தக் காலேஜ் என்று கேட்டு மனதுக்குள் மார்க் போடுகிறார்கள். கேள்வித்தாளுக்கு உங்கள் ஊர் தெரியாது.

பழையசிலேட்டு:
நியாயமான கேள்வி. ஆனால் எம்பிடிஐயை விற்கிற நிறுவனமே ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தாதே என்கிறது. அமெரிக்காவில் ரென்ட்-ஏ-சென்டர் என்ற நிறுவனம், பதவி உயர்வுக்கு எம்எம்பிஐ என்ற வேறொரு தேர்வு வைத்தது. அது மனநோயைக் கண்டறிய உருவானது, ஆகவே மருத்துவப் பரிசோதனைக்குச் சமம், இப்படி வைக்கக் கூடாது என்று 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மழைக்காகம்:
அப்போ விற்கிறவர்கள் சொன்னதையே எச்ஆரிடம் காட்டுகிறேன்.

தராசுமுள்:
காட்டுங்கள். ஆனால் ரெண்டாவது தடவை 'ஈ' வந்ததை மட்டும் சொல்லிவிடாதீர்கள், அதை வைத்தே வேலையைக் கொடுத்துவிடுவார்கள்.